சீட்டைக் கடித்த எலி

ஏப்ரல் 16

இன்றிலிருந்து எனக்கு அறை கிடையாது. கட்டில், மேஜை, ஜன்னல் எல்லாவற்றையும் ரூபவதி அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு ஹாலில் பாய் விரித்திருக்கிறேன். அத்தை அப்பாவின் மூத்த அக்கா. வள்ளியூரில் தனியாக இருக்கிறார். வாசல்படியில் தவறி விழுந்து காலில் எலும்பு விரிசல், முழங்கால் வரை மாவுக்கட்டு. இந்த வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என் அறையோடுதான் இருக்கிறது. அத்தோடு பேச்சு முடிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

"கொத்தனாரு படியைத் தப்பா கட்டிருக்கான்," என்றார் அத்தை, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே.

"அந்தப் படி நான் காலேஜ் படிக்கும்போதே அங்கதானக்கா இருக்கு," என்றார் அப்பா.

"அப்பயிருந்தே தப்பாத்தான் இருக்கு."

அத்தை ரிட்டயர் ஆகும்வரை பெண்கள் ஹாஸ்டல் வார்டன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டு வந்துவிட்டார், வேலை அவரை விடவில்லை. வந்த ஒரு மணி நேரத்தில் என் அறைக்குச் சட்டம் போட்டாகிவிட்டது. தட்டாமல் உள்ளே வரக் கூடாது. ஈரத் துண்டை நாற்காலியில் போடக் கூடாது. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார், பிரிசி என்கிற நான் ஓடி வர வேண்டும்.

ஏப்ரல் 17

டம்ளர். டம்ளர். டம்ளர்.

ஏப்ரல் 19

என் போன் துணி ஊற வைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. புதிது பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பிறகுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். லீவு முழுக்க நானும் சுவரும்தான் என்று நினைத்தேன். சுவரே தேவலாம் போலிருக்கிறது.

காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார் அத்தை. "உனக்கு 'ழ' வரல. வார்டன் வீட்டுப் பிள்ளைன்னு சொல்ல முடியாது. வாசி." நான் ராசிபலன் வரை வாசித்தேன். எனக்கு 'ழ' நன்றாகவே வரும். மேடையில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

மத்தியானம் கரண்ட் போனபோது பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். ஹாஸ்டலில் பிள்ளைகளிடம் பிடுங்கியதாம். ஒரே கட்டு கூடக் கிடையாது, நாலைந்து கட்டுகளிலிருந்து சேர்த்தது. சிலதுக்கு முதுகு சிவப்பு, சிலதுக்கு நீலம். கிளாவர் ஏழு தொலைந்துபோய், சர்ச் அசன விருந்து அழைப்பிதழை வெட்டி அதில் 'கி-7' என்று எழுதி வைத்திருக்கிறார்.

"ரம்மி தெரியுமா?" என்றார், தெரியாது என்ற பதிலை எதிர்பார்த்து. கிறிஸ்மஸ் லீவில் மதுரை அண்ணன்மாரை அழ வைத்தவள் நான். மூன்று ஆட்டம் ஆடினோம், மூன்றிலும் தோற்றார். நான் சீட்டைச் சரியாகக் கலைக்கவில்லை என்று குற்றம் சாட்டினார்.

ஏப்ரல் 22

புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆட்டினும் டைமனும் இனிமேல் ஒன்றுதான்.

"அது எப்படி அத்தை? ரெண்டும் வேற வேற சீட்டு."

"ரெண்டும் செவப்புதான?"

"அப்ப கிளாவரும் இஸ்பேட்டும்?"

"ரெண்டும் கறுப்பு. இது ஹாஸ்டல் ரூல். ஆட இஷ்டம் இருந்தா ஆடு."

ஆட்டின் நாலு, டைமன் ஐந்து, ஆட்டின் ஆறு என்று கண்டபடி அடுக்கி, சேர்ந்தாச்சு என்று கீழே வைக்கிறார். இப்படி ஆடினால் தெருவில் போகிற நாய்கூட ரம்மி சேர்த்துவிடும். அம்மாவிடம் முறையிட்டேன். "மதினிக்கு விட்டுக்குடு. பெரியவங்க," என்றாள் அம்மா. பெரியவர்கள் என்றால் கள்ள ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். கறிவேப்பிலை உருவச் சொன்னாள்.

ஏப்ரல் 25

இன்று நான் ஆட்டத்தை நிறுத்தினேன். சிவப்பெல்லாம் ஒன்று என்றால் உங்களோடு ஆட மாட்டேன் என்று சீட்டைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தேன். அத்தை தன் சீட்டுகளைக் கூட்டி அடுக்கினார். பிறகு, "சரி, உன் ரூல்படியே ஆடு. ஆனா சீட்டைப் போடும்போது பேரு சொல்லிப் போடணும். ஆட்டின் எட்டுன்னு வாயைத் திறந்து சொல்லணும்," என்றார்.

"எதுக்கு?"

"ஒழுக்கம்."

சீட்டாட்டத்தில் ஒழுக்கத்தை இவர் ஒருத்தர்தான் கண்டுபிடித்திருப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் பஸ் கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டிருக்கிறேன். அவர் தன் சீட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறார், வாசனை பிடிப்பது போல. ஒரு சீட்டு எடுத்து ஒரு சீட்டு போடுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 29

இன்று ஒரு காரியம் செய்தேன். பழிக்குப் பழி என்றுதான் செய்தேன்.

என் கையில் கிளாவர் ஒன்பது இருந்தது. அதைக் கீழே போட்டு, "இஸ்பேட் ஒன்பது" என்றேன். அத்தை சண்டைக்கு வருவார், டம்ளர் பறக்கும் என்று காத்திருந்தேன். அவர் அதை எடுத்தார், மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார், தன் சீட்டுகளுக்கு நடுவே சொருகிக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். சாயங்காலம் வரை எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பேப்பர் வாசிப்பது 'ழ'வுக்காக இல்லை. படியைக் கொத்தனார் தப்பாகக் கட்டவும் இல்லை.

மே 3

சிவப்பா கறுப்பா என்பது தெரிகிறது. ராஜா ராணி படம் வந்தால் தெரிகிறது. நம்பரை மூக்கில் இடித்துக் கண்டுபிடிக்கிறார். ஆட்டினுக்கும் டைமனுக்கும், இஸ்பேட்டுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாயால் சொல்லவும் மாட்டார், ஆடாமலும் இருக்க மாட்டார். தினமும் தோற்று, தினமும் என்னைக் குறை சொல்லி, என் உயிரை வாங்குகிறார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது.

அத்தை குளிக்கப் போனபோது நகவெட்டியை எடுத்தேன். ஆட்டின் சீட்டுகளுக்கும் கிளாவர் சீட்டுகளுக்கும் மூலையில் ஒரு சின்ன வெட்டு. டைமனும் இஸ்பேட்டும் அப்படியே. விரலால் தடவினால் தெரிந்துவிடும். அவர் மேல் இரக்கப்பட்டெல்லாம் செய்யவில்லை. ஆடினால் ஒழுங்காக ஆடட்டும் என்றுதான் செய்தேன்.

மத்தியானம் சீட்டைக் கையில் வாங்கியதும் அத்தையின் கட்டைவிரல் ஒரு மூலையில் நின்றது. அடுத்த சீட்டிலும் நின்றது. பதின்மூன்று சீட்டையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"சீட்டை எலி கடிச்சிருக்கு போல," என்றார்.

"ஆமா அத்தை. எலிதான்."

"நல்ல எலி," என்றார்.

வரிசையாக நாலு ஆட்டம் என்னைத் தோற்கடித்தார். வார்டன் ஆவதற்கு முன்னால் இவர் என்ன தொழில் செய்துகொண்டிருந்தார் என்று விசாரிக்க வேண்டும்.

மே 4

மறுபடி தோற்றேன். நன்றாக வேண்டும் எனக்கு.

மே 9

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வள்ளியூரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் அப்பா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இங்கே எழுத இடம் போதாது. கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்துவேன். ஈரத் துண்டை நாற்காலியில்தான் போடுவேன்.

ரிசல்ட் நாளைக்கு. அதைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

சாயங்காலம் அத்தை அம்மாவின் போனில் வள்ளியூர் மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தார். "என் ஸ்கூட்டரை ஒரு சர்வீஸ் பண்ணி வச்சிரு. வந்ததும் வண்டி வேணும். சர்ச்சுக்குப் போகணும், மார்க்கெட்டுக்குப் போகணும்லா."

அவர் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போக நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். நான் உருவிக்கொண்டிருந்த கறிவேப்பிலையை அப்படியே வைத்துவிட்டேன்.

மே 12

ரிசல்ட் பரவாயில்லை. எல்லோருக்கும் கேசரி.

அம்மாவும் அப்பாவும் சர்ச்சிலிருந்து வருவதற்குள் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அத்தை, உங்களுக்குக் கண்ணு எவ்வளவு தெரியுது?"

"நீ மொகத்தைத் தூக்கி வச்சிருக்கது தெரியுது."

"அது கண்ணு இல்லாமலே தெரியும். டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

காட்டவில்லை. காட்ட மாட்டாராம். ஆச்சிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரியாத கதை இது. "அம்மைக்குக் கை நல்லாயிருந்துது, கால் நல்லாயிருந்துது. ஆனா அவ எந்திரிச்சா நாங்க உக்கார வச்சோம். ஒரு டம்ளரைத் தொட்டாக்கூட நீங்க சும்மா இருங்கன்னு வாங்கி வச்சோம். எல்லாரும் பாசமாத்தான் சொன்னோம். ஏழு பிள்ளையை வளத்தவ, அந்தச் சும்மாவைக் கேட்டு கேட்டு பேசுததையே விட்டுட்டா."

பிறகு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீ வாயைத் திறக்கலன்னா உனக்கு உன் ரூம் கெடைக்கும். எனக்கு என் வீடு கெடைக்கும். ரெண்டு பேருக்கும் நல்லதுதான. சீட்டைக் கலை."

கலைத்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதனால்தான் இவ்வளவு எரிச்சல். எனக்கு அறை வேண்டும். இந்தக் கோடை முழுக்க நான் கேட்டது அது ஒன்றுதான். அது இப்போது என் வாய்க்குள் இருக்கிறது, மென்று விழுங்கினால் போதும்.

மே 15

பின்வாசல் படியில் அத்தை தடுமாறி, கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டுப் படியும் தப்பாகக் கட்டியிருக்கிறதாம்.

"புது எடம்லா, பழகல," என்றாள் அம்மா.

யாருக்குமே இந்த வீட்டில் கண் தெரியவில்லை.

மே 16

நானே மூலையை வெட்டிக் கொடுத்தேன். அதனால்தான் அவர் என்னை ஜெயித்தார், ஜெயித்ததால்தான் தனக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் நாலுவழிச் சாலையில் வருகிற லாரிக்கு யார் மூலையை வெட்டி வைப்பது? ஏதாவது ஆனால் லீவு போட்டு வள்ளியூருக்கு அலைய வேண்டியது நாங்கள்தான். அந்த அலைச்சலை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை, வேறொன்றுமில்லை.

மே 18

நாளைக்குப் பயணம். அம்மா பிரியாணி செய்திருந்தாள். அப்பா அலுவலகத்திலிருந்து வரும்போது அக்காவுக்குப் பரிசு என்று புத்தம் புதிய சீட்டுக்கட்டு வாங்கி வந்தார். "அந்தக் கிழிஞ்ச கட்டை வச்சு எத்தன நாளைக்கு ஆடுவீங்க? வாங்க, இன்னைக்கு நானும் ஒரு கை பாக்கேன்."

அத்தை புதுச் சீட்டுகளைக் கையில் வாங்கினார். கட்டைவிரல் மூலைக்குப் போனது. எல்லா மூலையும் வழவழவென்று இருந்தது.

"பிரிசி, பழைய கட்டை எடு. இது கைக்கு வழுக்குது," என்றார்.

பழைய கட்டு எனக்குப் பின்னால் ஹால் மேஜை டிராயரில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அறை எட்டும், ஜன்னல் எட்டும், எல்லாம் எட்டும். அத்தை என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.

"பழைய கட்டை எலி கடிச்சிருச்சு அத்தை," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை, சீட்டைப் பிடித்திருந்த கை மட்டும் மடியில் இறங்கியது. பிறகு நிமிர்ந்து, "பேரு சொல்லிப் போடணும். ஹாஸ்டல் ரூல்," என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே, "டைமன் மூணு," என்று சொல்லிப் போட்டார். என் முறை வந்தது. நான் ஒரு சீட்டைப் போட்டேன். பேர் சொல்லவில்லை.

அத்தை காத்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரியாணிச் சட்டியை அம்மா கரண்டியால் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னக்கா, எடுக்கீங்களா, விடுதீங்களா?" என்றார் அப்பா.

அத்தை அதை எடுத்தார். மூக்கில் இடிக்கவில்லை, அப்பா முன்னால் அதைச் செய்ய மாட்டார். கையில் சொருகி, இன்னொன்றைப் போட்டார். இரண்டு சுற்று இப்படியே போனது. மூன்றாவது சுற்றில் சீட்டு எல்லாவற்றையும் விரித்து, "சேர்ந்தாச்சு," என்றார், வார்டன் குரலில்.

அப்பா குனிந்து பார்த்தார். "என்னக்கா இது, ஆட்டினும் டைமனும் கலந்து கெடக்கு. இங்க பாருங்க, கிளாவருக்கு நடுவுல இஸ்பேட். சும்மா விளையாடாதீங்க."

"எங்க ரூல் அப்படி."

"அத்தைக்குக் கண்ணு தெரியலப்பா," என்றேன். "ஏப்ரல்லருந்தே தெரியல. அதுக்கு முந்தியே தெரியல. அதான் படியில விழுந்தாங்க. நாளைக்குக் கொண்டுபோய் விட்டீங்கன்னா ஸ்கூட்டர எடுத்துட்டு ரோட்டுக்குப் போவாங்க."

அப்பா ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, இது என்ன சீட்டு?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அத்தை சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்து, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி, பெட்டிக்குள் போட்டார்.

"எலி பேசிட்டு," என்றார். எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 20

டம்ளர் சத்தம் இல்லை. பேப்பர் வாசிக்கக் கூப்பிடவில்லை. நானாகப் போய் அறை வாசலில் நின்று தலைப்புச் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். உள்ளே ரேடியோ போட்டுக்கொண்டார்.

மே 23

கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் மத்தியானம் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும். இடது கண்ணில் புரையோடு நீர் அழுத்தமும் இருந்திருக்கிறது. நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் வலது கண்ணுக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்ளலாம். தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஸ்கூட்டர் இனி கூடாது என்றார்.

அத்தை எல்லாவற்றையும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரி பினாயில் வாசம் எனக்கு எப்போதுமே ஆகாது.

மே 25

அவர் பயந்தது நடந்துகொண்டிருக்கிறது. அத்தை வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். "நீங்க சும்மா இருங்க மதினி," என்று அம்மா கத்தியை வாங்கிக்கொண்டாள். தட்டைக் கழுவ எடுத்தார், "சும்மா இருங்க." தண்ணீர் மொள்ளப் போனார், டம்ளரையே கையிலிருந்து வாங்கிவிட்டாள். அம்மா பாசமாகத்தான் சொன்னாள். அத்தை போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அம்மாவின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, அத்தையின் கையில் கொண்டுபோய் வைத்தேன். "பானை அடுப்படி மூலையிலதான் இருக்கு. நீங்களே மொண்டு குடிங்க. எனக்கு வேற வேலை இருக்கு," என்றேன். அத்தை எழுந்து போய் மொண்டு குடித்தார். கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. நான் துடைத்தேன். அம்மா என்னை முறைத்தாள். அத்தை அந்த டம்ளரைக் கொண்டுபோய்த் தன் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

மே 30

ஆபரேஷன் முடிந்தது. சொட்டு மருந்து போடுவது என் வேலையாம். என்னோடு பேச மாட்டார், கண்ணை மட்டும் திறந்து காட்டுவார். வார்டன் கோபம்.

ஜூன் 8

மத்தியானம் டம்ளர் சத்தம் கேட்டது. ஓடினேன். ஓடியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய கட்டைப் பாயில் பரப்பி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி டைமன் ராணியையும் கடிச்சிருக்கு. அது தப்பு," என்றார்.

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் வெட்டியிருக்கிறேன்.

"அந்த ராணியால நான் ரெண்டு ஆட்டம் தோத்தேன். ஒரு வேலையைச் செஞ்சா ஒழுங்கா செய்யணும்."

"சரி அத்தை."

"அப்புறம், ஒரு நாள் இஸ்பேட் ஒன்பதுன்னு ஒரு சீட்டைப் போட்ட. நெசமான இஸ்பேட் ஒன்பதை அதே ஆட்டத்துல மொதல்லயே நீ பேரு சொல்லிப் போட்டாச்சு. ஒரு கட்டுல இஸ்பேட் ஒன்பது ரெண்டு வராது."

"தெரிஞ்சும் ஏன் அத்தை எடுத்தீங்க?"

"பொய்யின்னு சொன்னா, எங்க காட்டுங்கன்னு நீ கேப்ப. எதை வச்சுக் காட்ட?" சீட்டைக் கூட்டி என்னிடம் தள்ளினார். "உன் மேல எனக்குக் கோவம் தீரல. கலை."

கலைத்தேன். ஹாஸ்டல் ரூல் எல்லாம் ரத்து என்று அறிவித்தார். ஒற்றைக் கண்ணோடு ஆடி என்னை மண்ணைக் கவ்வ வைத்தார். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதில்லை, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 19

அப்பா வள்ளியூர் போய் வீட்டுப் படிகளின் ஓரத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டு வந்தார். ஸ்கூட்டரை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டான். அத்தை இன்றைக்குச் சாப்பிடவில்லை.

நகவெட்டியைக் காணவில்லை. அம்மா என் மேல் பழி போடுகிறாள்.

ஜூன் 23

அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். தெருவில் இறங்கி, தன் வீட்டுப் படியைக் கண்ணாடிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்பவும் தப்பாத்தான் கட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறிப் போனார். பழைய கட்டு அவர் பையில் போயிற்று. புதுக் கட்டை எனக்கு விட்டுப் போகிறாராம். எனக்கு எதற்கு, நான் யாரோடு ஆட?

அறை கிடைத்துவிட்டது. கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டேன், பிறகு எடுத்துக் கொடியில் போட்டேன். புதுக் கட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. வேறு வேலை இல்லாததால் பிரித்துக் கலைத்தேன். கட்டைவிரல் ஒரு மூலையில் நின்றது.

எல்லாச் சீட்டையும் பாயில் பரப்பினேன். ஆட்டின் பதின்மூன்றும், கிளாவர் பதின்மூன்றும், மூலையில் ஒரே அளவாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. டைமன் ராணிக்கும் ஒரு வெட்டு இருந்தது. இப்போது அவருக்குச் சீட்டு நன்றாகத் தெரிகிறது, மூலையைத் தடவ வேண்டிய அவசியமே இல்லை. என்றைக்காவது அந்த ஒரு கண்ணும் தெரியாமல் போனால்தான் இந்தக் கட்டு வேண்டும். அதை அவர் வள்ளியூருக்குக் கொண்டுபோகவில்லை. இங்கே, என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சீட்டுப் பெட்டிக்கு அடியில் நகவெட்டியும் இருந்தது. எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு எத்தனை தடவை சட்டம் பேசியிருப்பார்.